மைக்ரானின் ஆறாவது கண்

காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே இருக்கிற அத்தனை பொருளும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த ஒரே மனிதர் எங்கள் மைக்ரான்தான். ஆபீஸ் கடிகாரம், ரயில் பெட்டி ஜன்னல், மேனேஜரின் தொப்பை, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. கண்டுபிடித்ததோடு நின்றால் பரவாயில்லை. அளந்து பார்த்து, நம்மிடமே வந்து சொல்லவும் சொல்வார்.

"மேடம், உங்க டேபிள் போன மாசத்தை விட பதினோரு மில்லிமீட்டர் வாசப் பக்கம் வந்துருக்கு."

"வீட்டுக்குப் போற அவசரம் அதுக்கும் இருக்கும்ல சார்?"

சிரிக்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை எடுத்து இன்னொரு முறை அளந்து, "பதினொன்னே கால்" என்று திருத்திவிட்டுப் போவார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் மெயின்டனன்ஸ் இன்ஜினியர், நான் ஏற்றுமதிக் காகிதங்கள் தட்டுகிற டாகுமெண்ட் செக்ஷன். அவருக்கென்று ஒரு பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மேனேஜர், "சோல் கனம் எவ்ளோ துல்லியமா அளப்பீங்க?" என்று கேட்டாராம். இவர் கொஞ்சம் யோசித்து, "மைக்ரான் வரைக்கும் போதுமா சார்?" என்றாராம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டி அதில் ஒரு துண்டு. மேனேஜர் ஆடிப்போய், "ஷூ சார், காலுக்குப் போடறது" என்று நினைவூட்டினாராம். அன்று சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சட்டைப் பையில் ஸ்கேலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவும் இருக்கும். நோட்டீஸ் போர்டில் எதை ஒட்டினாலும் மறுநாள் திருத்தத்தோடு இருக்கும். மேனேஜர் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கையில் மேனேஜரின் கையெழுத்தையே ஒரு முறை திருத்தியிருக்கிறார். போன சுற்றறிக்கையில் இருந்த மாதிரி இல்லை என்பது காரணம்.

நான் பாகாயத்திலிருந்தும் அவர் சத்துவாச்சாரியிலிருந்தும் பஸ் பிடித்து காட்பாடி வந்து ஒரே ரயிலில் ஆம்பூர் போவோம். ஒரு நாள் குடியாத்தம் தாண்டும்போது, "நீங்க முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். என் கையில் இருந்த வளையலைக் காட்டினார்.

"இது மாதிரி ஒரு குழாய்னு வச்சுக்கோங்க. ஆனா நம்ம கம்பெனிய விடப் பெருசு. உள்ள காத்து கூடக் கிடையாது. அதுல எலக்ட்ரான் கூட்டம் ஒன்னு, மெல்லிசா, விடாம சுத்திகினே இருக்கும். அதுக்குப் பேரு ஸ்டோரேஜ் ரிங்."

"எதுக்கு சார் சுத்தணும்?"

"சுத்தினா வெளிச்சம் வரும் மேடம். அந்த வெளிச்சத்துல மருந்து, புரதம் எல்லாத்தையும் உள்ள வரைக்கும் பார்க்கலாம்."

"எங்க மாமியார் கூடத்தான் நாள் பூரா வீட்டைச் சுத்துறாங்க. ஒரு வெளிச்சமும் வரலியே."

அப்போதும் சிரிக்கவில்லை. "அவங்க ஒரே பாதையில சுத்த மாட்டாங்க. அதான்" என்றார்.

வடக்கே ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் அந்த எலக்ட்ரான் கூட்டத்தைப் பாதை மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலையாம். வெளியே லாரி போனால் நகருமாம். மழை பெய்து தரை ஊறினால் நகருமாம். தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு நகர்ந்தாலே விஞ்ஞானிகள் போன் போட்டுத் திட்டுவார்களாம். அதனால் வளையம் பூராவும் கண்கள் வைத்திருப்பார்கள். கூட்டம் எங்கே போகிறது என்று அவை பார்த்துச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை, போக வேண்டிய பாதையோடு ஒப்பிட்டுப் பார்த்து, குட்டிக் குட்டிக் காந்தங்களைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, பழைய பாதைக்கே இழுத்து வரும். இது ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை நடக்கும். டிஜிட்டல் ஃபீட்பேக் என்று பெயர்.

மனைவிக்கு வேலூரில் நர்ஸ் வேலை, மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம். இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தவர். நான் கேட்டபோது ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

"நகர்ந்துட்டீங்க சார்" என்றேன்.

"ஆமா மேடம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வாயை அன்றைக்கு நான் மூடியிருக்கலாம்.

வளையம் போனாலும் பழக்கம் போகவில்லை. எந்தக் காந்தத்தை எவ்வளவு திருகினால் எந்தக் கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்று முதலில் ஒரு பட்டியல் போட வேண்டுமாம். அதை வீட்டிலும் போட்டார். டிவி சத்தத்தை ஒரு புள்ளி ஏற்றுவார். மகளின் அறைக் கதவு சாத்தும், மனைவியின் குரல் இரண்டு புள்ளி ஏறும், பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும். எல்லாவற்றையும் நோட்டில் குறிப்பார். சர்ச்சில் பாஸ்டரிடம் போய், "போன வாரத்தை விட ஆறு நிமிஷம் டிரிஃப்ட் ஆயிருக்கு ஐயா" என்று சொல்ல, அதற்கடுத்த ஞாயிறு இன்னும் பத்து நிமிஷம் கூடியது. பொறுமையைப் பற்றி ஒரு தனி அத்தியாயம் சேர்ந்திருந்தது.

திருத்துவதிலும் அவருக்கு ஒரு தர்மம் உண்டு. "ஒரே அடியா திருத்தக் கூடாது மேடம். பாதி திருத்தணும், பார்க்கணும், மறுபடி பாதி." எங்கள் மேனேஜர் வேறு ஜாதி. உற்பத்தி குறைந்தால் லைன் நடுவே நின்று கத்துவார், அந்த வாரம் எகிறும், அடுத்த வாரம் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வரும், மறுபடி கத்துவார். மைக்ரான் தள்ளி நின்று பார்த்துவிட்டு என் காதில் சொல்வார்: "கெய்ன் ஜாஸ்தி. ஒரேயடியாத் திருத்தறாரு."

இப்படி இருந்த மனிதருக்கு எங்கள் கம்பெனியிலேயே ஒரு வளையம் கிடைத்தது. அசெம்பிளி ஹாலில் ஷூக்களைச் சுமந்துகொண்டு ஹீட்டர் கூண்டுக்குள் நுழைந்து வெளியே வருகிற கன்வேயர் பெல்ட். அதுவும் விடாமல் சுற்றுவதுதான். ஓடிக்கொண்டே ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓரம் இரும்புச் சட்டத்தில் தேய்ந்து பிய்யும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை லைன் சூப்பர்வைசர் தேவி அக்கா கடப்பாரையோடு வந்து உருளையை ஒரு நெம்பு நெம்புவார். பெல்ட் எதிர்ப்பக்கம் ஓடும். அங்கே போய் இன்னொரு நெம்பு.

மைக்ரான் மூன்று மாதம் உட்கார்ந்து பெல்ட் ஓரம் பூராவும் ஆறு கண் வைத்தார். தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டிகள், ஆளுக்கொரு கம்பிக் காலில். நாலு உருளைக்கு நாலு குட்டி மோட்டார். நடுவே பழைய கம்ப்யூட்டர். பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் திரையில் ஆறு சைபர் பச்சையாகத் தெரியும். சுவிட்சைப் போட்ட அன்றைக்குப் பெல்ட் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அசையவில்லை. தேவி அக்கா ஒரு மணி நேரம் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

"இன்னா சார் இது, எனக்கு வேலையே இல்லாம பண்ணிட்டீங்க?"

"ஒரே ஒரு வேலை இருக்கு. கண்ணை யாரும் தொடாம பாத்துக்கங்க."

ஒவ்வொரு கண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்: 'கண்ணைத் தொடாதீர்கள். இது நகர்ந்தால் எல்லாமே நகரும்.' ஏன் இந்தக் கெடுபிடி என்று ரயிலில் கேட்டேன். பழைய வளையத்தில் நடந்ததைச் சொன்னார். ஒரு கோடையில், கண்களின் எலெக்ட்ரானிக்ஸ் இருந்த அறையில் ஏசி நின்றுபோனது. சூட்டில் ஒரு கண் தப்பாகக் காட்ட ஆரம்பித்தது.

"பீம், அதான் அந்த எலக்ட்ரான் கூட்டம், ஒழுங்காத்தான் போய்ட்டிருந்துச்சு மேடம். பாக்கற கண்ணுதான் வெலகிடுச்சு. கம்ப்யூட்டர் என்னா பண்ணும்? சரியா இருந்ததைத் தப்புன்னு நெனச்சு, தள்ளித் தள்ளி தப்பான எடத்துக்கே கொண்டுபோய் விட்டுச்சு. ஸ்கிரீன்ல எல்லாம் சைபர். ரெண்டு நாள் தேடினோம்."

அதனால்தான் இங்கே தினமும் காலை எட்டு மணிக்கு, லைன் ஓட ஆரம்பிக்கும் முன், ஆறு கண்ணையும் ஸ்கேல் வைத்துச் சரிபார்க்காமல் டீ கூடக் குடிக்க மாட்டார்.

ஆறு மாதம் பெல்ட் சமர்த்தாக ஓடியது. அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் ரயிலில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார். வடக்கே அவருடைய பழைய வளையத்தைப் புதுப்பிக்கிறார்களாம். இதே வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். பழைய ஆட்களும் வரலாம். ஆனால் இத்தனை வருஷம் கை விட்டுப் போகவில்லை என்பதற்கு ஒரு அத்தாட்சி வேண்டும்.

"நம்ம பெல்ட்டு ஓடுதுல்ல மேடம், அதையே கம்பெனி லெட்டர்ல எழுதிக் குடுத்தாப் போதும். வீட்லயும் சரின்னுட்டாங்க. பொண்ணு காலேஜ் போயிடுச்சு."

அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேனேஜரும் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. ஆயுத பூஜை லீவு முடிந்த மறுநாள் எங்கள் ஷூக்களை வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிறார். அவர் பார்த்துத் திருப்தியானால் அன்று சாயங்காலமே கையெழுத்து. கடிதத்தை நான்தான் தட்டினேன். ஒரு பக்கக் கடிதத்தில் மைக்ரான் பதினோரு இடத்தில் சிவப்புப் பேனா வைத்தார். திரும்பத் தட்டி நீல ஃபைலில் போட்டு வைத்தேன்.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இனி நடந்ததைச் சொல்லவே வேண்டாம். லீவுக்கு முந்தின மத்தியானம் மெஷினை எல்லாம் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூ சுற்றுவார்கள். தையல் மெஷின், ஜெராக்ஸ் மெஷின், தண்ணீர் மோட்டார், கார்டு தேய்க்கிற வருகைப் பெட்டி, எதற்கும் பொட்டு தப்பாது. தேவி அக்கா தன் கடப்பாரைக்கு மாலையே போட்டிருந்தார். மைக்ரானின் ஆறு கண்களுக்கு மட்டும் பொட்டு வைக்கத் தடை. தானே காவல் நின்று பார்த்துவிட்டு, பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கடைசியாகத்தான் கிளம்பிப் போனார். அவருக்குச் சர்ச்சும் பிடிக்கும், பொரியும் பிடிக்கும்.

நான் அவருக்கும் பின்னால் கிளம்பினேன். வெளிக்கதவுக்குப் பக்கத்தில் ஆறாவது கண் இருந்தது. ஹாலே கல்யாண வீடு மாதிரி இருக்க, அது மட்டும் வெறும் நெற்றியோடு நின்றது. அந்த மனிதரின் மொத்த வாழ்க்கையும் அந்தப் பெட்டியைத்தானே நம்பி இருக்கிறது, அதற்கு ஒரு பொட்டு கூட இல்லையா என்று எனக்குத் தாங்கவில்லை. 'அந்த லெட்டர்ல கையெழுத்து விழணும் சாமி' என்று வேண்டிக்கொண்டு, மோதிர விரலில் சந்தனம் தொட்டு அதன் தலையில் வைத்து, மேலே குங்குமத்தை அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று நினைத்தேன்.

லீவு முடிந்து வந்தோம். எட்டு மணிக்கு மைக்ரான் ஸ்கேலோடு ஹாலுக்குப் போகும்போது மேனேஜர் வழி மறித்தார். டை கட்டச் சொல்லி மீட்டிங் ரூமில் உட்கார வைத்தார். பையருக்கு அவர்தான் விளக்க வேண்டும். நான் காகிதங்கள் அடுக்கிக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

"அஞ்சே நிமிஷம் சார், கண்ணை மட்டும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"இன்னைக்கு லைன் கிட்ட எவனும் போகக் கூடாது. எல்லாம் நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது சார். அதனாலதான் பாக்கணும்."

"உக்காருங்க சார், பேஜார் பண்ணாதீங்க."

உட்கார்ந்தார். இரண்டாவது தடவையும் எழுந்தார், உட்கார வைக்கப்பட்டார்.

பத்து மணிக்குப் பையர் ஹாலுக்குள் வந்தார். திரையில் ஆறு சைபரும் பச்சையாக மின்னின. மைக்ரான் வாயைத் திறப்பதற்குள் கதவுப் பக்கத்திலிருந்து தேவி அக்கா கத்தினார்.

"சார், பெல்ட்டு கம்பியில தேயுது சார்!"

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைக் காட்டினார். "எல்லாம் பச்சையாத்தானேம்மா இருக்கு?"

"ஸ்கிரீன்ல பச்சை சார். இங்க ஓரம் பிஞ்சு நூலு நூலா வருது!"

மைக்ரான் ஓடினார். பாதி தூரம் போவதற்குள் பெல்ட் ஓரம் டர்ரென்று கிழிந்து சட்டத்தில் மாட்டிச் சுருண்டது. ஹீட்டரிலிருந்து சுடச்சுட வந்த ஷூக்கள் ஒவ்வொன்றாகப் பையரின் காலடியில் விழுந்தன. எல்லாம் இடது கால். பையர் ஒன்றைக் கையில் எடுத்து, சுட்டுக்கொண்டு, கீழே போட்டார். வேறொரு நாளாக இருந்தால் ஹாலே விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

மைக்ரான் வேறு எங்கும் போகவில்லை. நேராக ஆறாவது கண்ணிடம் போய்க் குனிந்தார். ஸ்கேலை வைத்தார். பிறகு அதன் தலையில் இருந்த பொட்டைப் பார்த்தார். நிமிர்ந்து, வரிசையாக நின்ற எங்களைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எவன் தொட்டது? சொல்லுங்க, எவன் தொட்டது?" என்று மேனேஜர் கத்தினார்.

வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றேன். நான்தான் சார் என்று இரண்டு வார்த்தை. இத்தனை வருஷத்தில் அதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன், சமையலறையிலும் பஸ்ஸிலும். அன்றைக்கு வரவில்லை.

"யாரும் தொடல சார்" என்றார் மைக்ரான். "காலையில நான் செக் பண்ணல. என் தப்பு."

மேனேஜரே தடுத்து உட்கார வைத்தார் என்றுகூட அவர் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அறிக்கை எழுதிக் கொண்டுவந்து என் மேசையில்தான் வைத்தார். தட்ட வேண்டியவள் நான் அல்லவா? 'காரணம்: அமைத்தவரின் கவனக்குறைவு.' அந்த வரியை இரண்டு தடவை தட்டிவிட்டேன். ஒன்றைச் சிவப்புப் பேனாவால் அமைதியாக அடித்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"மார்ஜின் கொஞ்சம் கம்மியா இருக்கு மேடம்" என்றார்.

நீல ஃபைலில் இருந்த கடிதத்தில் கையெழுத்து விழவில்லை. விண்ணப்பத் தேதியும் போய்விட்டது. கண்களைக் கழற்றச் சொன்னார்கள், அவரே கழற்றினார். கடப்பாரை மாலையோடு திரும்பி வந்தது. நாலு மாதம் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ரயிலில் எதையும் அளப்பதில்லை. ஒரு நாள் நானாகவே, "சார், என் டேபிள் நகர்ந்துடுச்சா பாருங்களேன்" என்றேன். "இருக்கட்டும் மேடம்" என்றார். அதற்குப் பிறகு ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியாராகச் சேர்ந்து போய்விட்டார்.

அடுத்த ஆயுத பூஜையும் கழிந்து, கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொல்லப் போன் போட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடு. "சார், அந்தப் பூஜை அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா மேடம், இந்த வருஷம் பொரி குடுத்தாங்களா? கடலை நெறைய இருந்துச்சா?" என்று கேட்டார். கடலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டோம். அவருக்குத் தெரியாது என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன மாதம் கம்பெனி ஸ்டோர் ரூமை ஒழித்தார்கள். பட்டியல் தட்ட என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு அட்டைப் பெட்டிக்குள் ஆறு கண்களும் பஞ்சு சுற்றி இருந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பேனாவில் ஒரு சீட்டு. கழற்றும்போது எது எவ்வளவு விலகி இருந்தது என்ற கணக்கு. முதல் ஐந்தும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தன. ஆறாவதைத் துடைக்கவில்லை. சந்தனமும் குங்குமமும் உதிராமல் இருக்க, மேலே செலோ டேப் ஒட்டியிருந்தது. மோதிர விரல் ரேகை கூட அதில் தெரிந்தது.

சீட்டில் எழுதியிருந்தது: '4.2 மி.மீ. காரணம் தெரியும். திருத்த வேண்டாம்.'

அந்த ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நான் அழுதேன்.

அவருக்கு இப்போது போன் போட எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் இதை எழுதினேன். அச்சானதும் இந்தப் பக்கத்தைக் கிழித்து ஜோலார்பேட்டைக்கு அனுப்பப் போகிறேன். வளையத்தைப் பற்றி நான் எழுதியதில் நாலு தப்பாவது இருக்கும். பக்கம் பூராவும் சிவப்பு மையாகத்தான் திரும்பி வரும். வரட்டும். அந்தக் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று.